டோர்னக்கல் போன தமிழ் பிஷப் – வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல பர்கூர் தம்பி ஒருத்தர் "வெள்ளைக்காரன் காலத்துல அவனுக்கே மேலதிகாரியா உக்காந்த இந்தியன் யாராவது உண்டா"ன்னு கேட்டிருந்தாரு. சர்ச்சுல உண்டு, 1912லயே உண்டு, அதுவும் தமிழர், பிஷப் அசரியான்னு ஒரே வரில பதில் போட்டுட்டு அடுத்த கேள்விக்குப் போய்ட்டேன். அவ்ளோதான், லெட்டரும் வாட்ஸ்அப்பும் வந்து குமிஞ்சிடுச்சு. மாம்பழ வெலை, ஒகேனக்கல் தண்ணி, பஸ் ஸ்டாண்டு கேள்வி எல்லாத்தையும் அடுத்த இதழுக்குத் தள்ளிட்டு இந்தத் தடவ பூரா அசரியாவுக்கே குடுத்துட்டேன், கோச்சுக்காதீங்க.

பாலக்கோடு வாசகர்: ஒரு வரி சொல்லிட்டு ஓடிட்டீங்களே சார், யாரு இந்த அசரியா? கிறிஸ்தவங்கள்லயே பாதிப் பேருக்குத் தெரியலையே?

ஓடலைங்க, பக்கம் பத்தல. முழுப்பேரு வேதநாயகம் சாமுவேல் அசரியா. 1874 ஆகஸ்ட் 17ல பொறந்தாரு. ஊரு வெள்ளாளன்விளை, இன்னிக்குத் தூத்துக்குடி மாவட்டம், அன்னிக்குத் திருநெல்வேலி ஜில்லா. அப்பா கிராமத்து சர்ச்ல பாதிரியார். மொதல்ல ஒரு பொண்ணு பொறந்து அதுக்கப்புறம் பதிமூணு வருஷம் கொழந்த இல்ல, அம்மா பைபிள்ல வர்ற அன்னாள் மாதிரி வேண்டிக்கிட்டே இருந்து பெத்த புள்ள, அன்னாள் புள்ள பேரு சாமுவேல், அதான் இவருக்கும் சாமுவேல்னு பேரு. நம்ம பக்கம் வேண்டிப் பெத்த புள்ளைக்கு கொலசாமி பேரு வைக்கறோம் பாருங்க, அதே கணக்கு.

மெஞ்ஞானபுரத்துல போர்டிங் ஸ்கூல், அப்புறம் திருநெல்வேலி, கடைசியா மெட்ராஸ் கிறிஸ்டியன் காலேஜ். 1895ல ஒய்.எம்.சி.ஏ.ங்கற கிறிஸ்தவ இளைஞர் சங்கத்துல செக்ரட்டரி வேலை. பதினாலு வருஷம் தென்னிந்தியா பூரா ரயில்லயும் வண்டிலயும் சுத்தறதுதான் பொழப்பு. அந்தச் சுத்தல்ல 1902ல யாழ்ப்பாணம் போறாரு. அங்க தமிழ் கிறிஸ்தவங்க தங்க கைக்காசப் போட்டு தாங்களே ஆள் அனுப்பி ஊழியம் பண்றாங்க. நாம மட்டும் இன்னும் வெள்ளைக்காரன் சம்பளத்தையும் வெள்ளைக்காரன் உத்தரவையும் எதிர்பாத்துக்கிட்டு கெடக்கறோமேன்னு அங்கதான் ஒறைச்சிருக்கு. திரும்பி வந்து 1903 பிப்ரவரி 12ல பாளையங்கோட்டைல நண்பர்களோட சேந்து இந்திய மிஷனரி சங்கம் ஆரம்பிக்கறாரு. ஆளும் இந்தியாவுது, பணமும் இந்தியாவுது, நிர்வாகமும் இந்தியாவுது, அதான் ரூலு. ரெண்டே வருஷத்துல, 1905 கிறிஸ்துமஸ் அன்னிக்கு வங்காளத்து செராம்பூர்ல இதையே நாடு பூராவுக்கும் பெருசா, தேசிய மிஷனரி சங்கம்னு ஆரம்பிக்கறாங்க. சுதேசி இயக்கம் சூடு புடிச்ச அதே வருஷம்ங்கறத கவனிங்க. அதுல இவரோட தோள் குடுத்தவரு கே.டி.பால். அவரு யாருங்கறீங்க? நம்ம சேலத்துல பொறந்தவருங்க! பின்னாடி 1930ல லண்டன் வட்டமேசை மாநாட்டுக்கு இந்திய கிறிஸ்தவங்க சார்புல போனவரு. தர்மபுரி அப்ப சேலம் ஜில்லாதானே, அதனால நம்ம ஜில்லாக்காரர்னே வச்சுக்கலாம், நான் வச்சுக்கிட்டேன்.

அரூர், கல்லூரி மாணவி: அசரியா டிகிரி முடிக்கலைன்னு நெட்ல படிச்சேன். அப்ப அரியர் வச்சிருக்கறவங்களும் பிஷப் ஆகலாமா?

அரியர் இல்லம்மா, அவரு பரீட்சையே எழுதல. கடைசிப் பரீட்சை கணக்கு, அதுக்கு முன்னாடி ஒடம்பு படுத்திடுச்சு, டிகிரி வாங்காமலே வெளிய வந்துட்டாரு. 1920ல கேம்பிரிட்ஜ் யுனிவர்சிட்டியே கூப்ட்டு கௌரவ டாக்டர் பட்டம் குடுத்துச்சு. உனக்கு கேம்பிரிட்ஜ் கூப்பிடற வரைக்கும் காத்துக்கிட்டு இருக்காம நவம்பர்லயே எழுதி கிளியர் பண்ணிடு.

ஓசூர் வாசகர்: எங்க வீட்ல தெலுங்கு. ஒரு தமிழரு எதுக்கு தெலுங்கு ஊருக்கு பிஷப்பா போகணும்? திருநெல்வேலில எடமில்லையா?

இடம் இருந்துச்சு, மனசு இல்ல. அந்தக் கதை அடுத்த பதில்ல வருது. மொதல்ல டோர்னக்கல். அது அப்ப நிஜாம் சமஸ்தானத்துல ஒரு ரயில் ஜங்ஷன், சுத்தியும் வறண்ட காடு. இந்திய மிஷனரி சங்கம் அங்கதான் வேலை ஆரம்பிச்சிருந்துச்சு. மத்தவங்கள போ போன்னு அனுப்பிட்டு நாம மட்டும் மெட்ராஸ்ல உக்காந்திருக்கறது அசரியாவுக்கு உறுத்தியிருக்கு. நல்லா ஓடிட்டிருந்த ஒய்.எம்.சி.ஏ. வேலைய விட்டுட்டு 1909ல குருப்பட்டம் வாங்கிட்டு குடும்பத்தோட கெளம்பிட்டாரு. வயசு முப்பத்தஞ்சு. போனவுடனே வீடெல்லாம் கெடையாது, கூடாரம் போட்டுதான் இருந்திருக்காங்க. அந்த வயசுல உக்காந்து தெலுங்கு எழுத்து கத்துக்கணும்.

உங்க ஊர்ல பால்காரர் கன்னடம் பேசுவாரு, மளிகைக்கடைக்காரர் தெலுங்கு பேசுவாரு, நீங்க ரெண்டுக்கும் தமிழ்ல திட்டுவீங்க, ஒண்ணும் பெருசாத் தெரியாது. ஆனா தேரிக்காட்டுல தமிழ் மட்டுமே கேட்டு வளந்த ஆளுக்கு அது வேற நாடு. பாராமகால்ல, அதாவது நம்ம தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்துல, 1792லேருந்து ஏழு வருஷம் வேலை பாத்த வெள்ளைக்கார அதிகாரி தாமஸ் மன்றோவும் இந்தப் பக்கத்து பாஷைய கத்துக்கிட்டவருதான். ஆனா அவரு வரி போட கத்துக்கிட்டாரு, இவரு கூட உக்காந்து பேச கத்துக்கிட்டாரு.

அங்க சர்ச்சுக்கு வந்த ஜனங்கள்ல பெரும்பாலானவங்க மாலா, மாதிகா சமூகத்து ஏழைங்க, அன்னாடங்காய்ச்சிங்க. இவரு மாட்டுவண்டிலயும் சைக்கிள்லயும் ஊர் ஊராப் போவாராம். ஜனங்கள புடிச்சிருக்கற பேய் நாலுன்னு சொல்லுவாரு: அழுக்கு, நோய், கடன், குடி. நாலும் இன்னும் நம்ம ஊர விட்டுப் போகலங்கறது வேற விஷயம், முக்கியமா கடைசி ரெண்டும் ஜோடி போட்டுக்கிட்டு இருக்குது. ஞானஸ்நானம் எடுக்கறவங்கள அவங்கவங்க கைய அவங்கவங்க தலை மேல வச்சுக்கச் சொல்லி, "சுவிசேஷத்தைப் பிரசங்கியாதிருந்தால் எனக்கு ஐயோ"ன்னு பைபிள்ல அப்போஸ்தலர் பவுல் எழுதுன வசனத்த சொல்ல வைப்பாராம். எழுதப் படிக்கத் தெரியாத கூலிக்காரனும் அன்னிலேருந்து ஒரு பொறுப்புள்ள ஆளு. எனக்கு இதுல புடிச்சது என்னன்னா, தலை மேல வைக்கறது பாதிரியார் கை இல்ல, அவனோட சொந்தக் கை.

அவரு பொறுப்புக்கு வந்தப்ப அந்தப் பகுதில சபை ஜனம் ஐம்பதாயிரத்துச் சொச்சம், 1941 வாக்குல ரெண்டு லட்சத்துக்கு மேல. இடையில மறைமாவட்ட எல்லையும், அதாவது ஒரு பிஷப் பொறுப்புல இருக்கற பகுதியும், பெருசாச்சு, அதையும் சேத்துதான் இந்தக் கணக்கு.

கிருஷ்ணகிரி வாசகர்: வெள்ளைக்காரங்க எப்படி சார் ஒத்துக்கிட்டாங்க? எதிர்ப்பே இல்லையா?

இல்லாம இருக்குமா. அவரு பிஷப் ஆன 1912லேருந்து ரெண்டு வருஷம் பின்னாடி போகணும். 1910 ஜூன், ஸ்காட்லாந்து எடின்பரோல உலக மிஷனரி மாநாடு. ஆயிரத்துக்கு மேல பிரதிநிதிங்க, ஏறக்குறைய அத்தனையும் வெள்ளை முகம், ஆசியாக்காரங்கள விரல் விட்டு எண்ணிடலாம். அங்க அசரியாவ பேசச் சொன்னாங்க. தலைப்பு என்னன்னா வெளிநாட்டு ஊழியரும் உள்ளூர் ஊழியரும் எப்படி ஒத்துழைக்கறது. மத்தவங்களா இருந்தா நன்றி சொல்லி மாலை போட்டு இறங்கியிருப்பாங்க. இவரு எழுந்து நின்னு, பல வருஷமா கூட வேலை பாக்கற இந்தியன வீட்டுக்குக் கூப்ட்டு ஒருவேளை சோறு போடாத மிஷனரிங்க இருக்காங்க, எங்களுக்குள்ள இருக்கறது நட்பு இல்ல, எஜமான் வேலைக்காரன் உறவுதான்னு மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டாரு. சபைல முணுமுணுப்பு, எதிர்ப்பு. கடைசியா சொன்னதுதான் இன்னிக்கு வரைக்கும் எல்லாரும் எடுத்துச் சொல்றது: ஏழைக்கு சோறு போட உங்க சொத்தக் குடுத்தீங்க, உங்க ஒடம்ப சுட்டெரிக்கக் குடுத்தீங்க, நாங்க அன்பையும் கேக்கறோம், எங்களுக்கு நண்பர்களைக் குடுங்க.

இதுல ஒரு சூட்சுமம் இருக்குங்க. சொத்தெல்லாம் குடுத்தாலும், ஒடம்பயே சுட்டெரிக்கக் குடுத்தாலும், அன்பு இல்லைன்னா பிரயோஜனம் இல்லைங்கறது பவுல் எழுதுன வசனம். அவங்க வேதத்தையே எடுத்து அவங்க முன்னாடியே வச்சாரு. காசு குடுக்கறவன் வாசல்ல நிக்க வச்சுதான் குடுப்பான், உள்ள கூப்ட்டு பாய் போட்டு களி போடறவன் வேற. நம்ம ஊர்ல இது யாருக்கும் வெளக்க வேண்டியதில்ல, டீக்கடைல தனி டம்ளர் பாத்த தலைமுறை இன்னும் உயிரோட இருக்கு.

இப்படிப் பேசுன ஆளுக்கு பதவி குடுக்க எவனுக்கு மனசு வரும். ஆனா மெட்ராஸ் பிஷப்பா இருந்த ஹென்றி வைட்ஹெட் புடிவாதமா நின்னாரு. ஒரு இந்தியனுக்குக் கீழ இங்கிலீஷ்கார பாதிரி எப்படி வேலை பாப்பான்னு வெள்ளைக்காரங்கள்ல ஒரு கூட்டம் கேட்டுச்சு. அதவிட வேதனை, சொந்த திருநெல்வேலிப் பக்கத்துலயே எதிர்ப்பு, ஜாதிக் கணக்கு உள்ள புகுந்துடுச்சு. அதான் இடம் இருந்துச்சு மனசு இல்லைன்னு சொன்னேன். டோர்னக்கல் பிரிட்டிஷ் இந்தியாவுக்கு வெளிய, நிஜாம் எல்லைக்குள்ள இருந்தது சட்டப்படி ஒரு வசதியாப் போச்சு. 1912 டிசம்பர் 29, கல்கத்தா செயின்ட் பால்ஸ் கதீட்ரல்ல அபிஷேகம். வயசு முப்பத்தெட்டு. ஆங்கிலிக்கன் சபைல, அதாவது இங்கிலாந்து திருச்சபை வழி வந்த சபைல, முதல் இந்திய பிஷப். அதுக்கப்புறம் கதவு படார்னு தொறந்துடுச்சுன்னு நெனைக்காதீங்க, 1945ல அவரு சாகற வரைக்கும் தனி மறைமாவட்டம் கையில இருந்த ஒரே இந்திய ஆங்கிலிக்கன் பிஷப் அவருதான். முப்பத்திரண்டு வருஷம் ஒத்தை ஆளு! முதல் ஆளுன்னு மாலை போட்டு பெருமையா பேசறோம், அந்த ஒத்தையா இருந்ததப் பத்தி யாரும் பேசறதில்ல.

காவேரிப்பட்டணம் வாசகி: பிஷப் கல்யாணம் பண்ணிக்கலாமா? அவங்க வீட்டம்மாவப் பத்தி ஒரு வார்த்தை சொல்லுங்க.

கத்தோலிக்க ஆயர்தான் பண்ணிக்கக் கூடாது, ஆங்கிலிக்கன்லயும் சி.எஸ்.ஐ.ங்கற தென்னிந்திய திருச்சபைலயும் தாராளமா பண்ணிக்கலாம். அந்தம்மா பேரு அன்பு, அன்பு மரியம்மாள். தென்னிந்தியாவுல காலேஜ் வரைக்கும் படிச்ச முதல் கிறிஸ்தவப் பொண்ணுங்கள்ல ஒருத்தர். 1898ல கல்யாணம், வரதட்சணை வாங்கல. 1898லங்க! போன மாசம் எனக்கு வந்த ஒரு பத்திரிகைல மாப்பிள்ளை பேருக்குப் பின்னாடி மூணு டிகிரி, பொண்ணு வீட்டுக்காரர் கார் லோனுக்கு அலைஞ்சிட்டிருக்காரு, அதுக்கு மேல சொன்னா சொந்தக்காரங்க சண்டைக்கு வருவாங்க.

நாலு பையன், ரெண்டு பொண்ணு. புள்ளைங்களையும் வளத்துக்கிட்டு டோர்னக்கல்ல பொம்பளைங்க வேலையப் பூரா அன்புதான் பாத்தாங்க, ஊர் ஊராப் போறப்ப இவங்களும் கூடப் போவாங்க. எல்லாரும் அசரியா அசரியாங்கறோம், படிச்ச பொண்ணு ஒண்ணு கூடாரத்துல அடுப்பு மூட்டுனத எழுத யாருக்கும் தோணல. நீங்க கேட்டதால நானும் எழுதறேன், இல்லைன்னா நானும் விட்டிருப்பேன்.

தர்மபுரி வாசகர்: எங்க சர்ச்ச தாத்தா எப்பவும் "எல்.எம்.எஸ். கோயில்"னுதான் சொல்வார். பிஷப்பே கெடையாது அப்பல்லாம், சபை ஜனந்தான் முடிவு பண்ணும்பார். இப்ப பிஷப் வர்றாரு, மேளம் அடிக்கறோம். இது எப்ப மாறிச்சு?

இந்த இதழ்லயே எனக்கு ரொம்பப் புடிச்ச கேள்வி இதாங்க, உங்க தாத்தா சொன்னது சரி. எல்.எம்.எஸ்.னா லண்டன் மிஷனரி சொசைட்டி, சேலத்துல 1827ல ஹென்றி கிரிஸ்ப்ங்கறவரு வந்து ஆரம்பிச்சது. அவங்க பெரும்பாலும் காங்கிரிகேஷனல், அதாவது ஒவ்வொரு சபையும் தானே தன்னை ஆண்டுக்கும், மேல பிஷப் கிஷப்னு யாரும் உத்தரவு போட முடியாது. இங்கிலாந்துல பிஷப்புங்க கிட்ட அடி வாங்கி, ஜெயிலுக்கெல்லாம் போய், பிரிஞ்சு வந்தவங்களோட வாரிசுங்க அவங்க. திருநெல்வேலில பாதி ஜனம் பிஷப்ப அத்தியட்சர் அத்தியட்சர்னு கும்புட்டிட்டு இருந்தப்ப, சேலம் ஜில்லாவுல எல்.எம்.எஸ். சபைக்காரன் கமிட்டி போட்டு கை தூக்கி ஓட்டு போட்டுட்டு இருந்தான். நெல்லைல பொறந்த கிறிஸ்தவனும் தர்மபுரில பொறந்த கிறிஸ்தவனும் ஒரே பைபிள், ஒரே தமிழ், ஆனா ஒரே மேசைல நற்கருணை, அதாவது ஏசு நெனவா எடுக்கற ரொட்டியும் திராட்சரசமும், எடுக்க ஆயிரம் தடங்கல். காரணம் என்னன்னா எந்த ஊருக்கு எந்தக் கப்பல்ல எந்த சங்கத்து வெள்ளைக்காரன் வந்து எறங்குனாங்கறதுதான்.

இதத்தான் அசரியாவால தாங்க முடியல. 1919 மே 1, 2, ரெண்டு நாளு தரங்கம்பாடில கூடுனாங்க. முப்பத்தி மூணு பேரு, ரெண்டு பேரத் தவிர மத்த எல்லாரும் இந்தியருங்க. ஒரு பக்கம் ஆங்கிலிக்கன், இன்னொரு பக்கம் உங்க தாத்தா கட்சி. அது 1908லயே பிரஸ்பிட்டீரியன்களோட (மூப்பருங்க கூடி நடத்தற சபை, அதுலயும் பிஷப் கெடையாது) சேந்து தென்னிந்திய ஐக்கிய சபை ஆயிடுச்சு. கூடி ஒரு அறிக்கை விட்டாங்க. இந்தப் பிரிவினைங்கள நாங்க உண்டாக்கல, வெளியிலேருந்து எங்க தலைல கட்டுனது, இத இன்னும் இழுத்துக்கிட்டுப் போக எங்களுக்கு விருப்பம் இல்ல. சாராம்சம் இதான். பாதிரியார் பாஷைல எழுதியிருந்தாலும் அது ஒரு விடுதலை அறிக்கைன்னுதான் நான் சொல்லுவேன்.

அப்புறம் பேச்சு, பேச்சு, பேச்சு, இருபத்தெட்டு வருஷம். முடிச்சு எங்க விழுந்துச்சுன்னா, வேற எங்க, பிஷப்லதான். ஆங்கிலிக்கன் சொல்றான், ஏசுவோட அப்போஸ்தலர் காலத்துலேருந்து ஒருத்தர் தலைல ஒருத்தர் கை வச்சு பட்டம் குடுத்து வந்த பிஷப் இல்லாம சபையே இல்லைன்னு. எல்.எம்.எஸ். வழி வந்தவன் சொல்றான், எங்க பாதிரியாருக்கு நீ மறுபடி கை வச்சாதான் செல்லும்னா அப்ப இத்தன வருஷம் அவரு குடுத்த நற்கருணை என்ன வெறும் ரொட்டியான்னு. நியாயமான கோவந்தானே. கடைசில ரெண்டு பேரும் எறங்கி வந்தாங்க. பிஷப் உண்டு, ஆனா ராஜா மாதிரி இல்ல, சட்டதிட்டத்துக்கும் பேரவைக்கும் கட்டுப்பட்ட பிஷப். ஏற்கெனவே இருக்கற பாதிரியாருக்கு மறு அபிஷேகம் கெடையாது, அப்படியே ஏத்துக்கறோம், புதுசா வர்றவங்களுக்கு மட்டும் பிஷப் கை வைக்கட்டும், முப்பது வருஷம் போனா தன்னால எல்லாம் ஒண்ணாயிடும். நம்ம ஊரு பங்காளி சண்டை பஞ்சாயத்துல கூட இவ்ளோ பக்குவமா நான் பாத்ததில்ல.

அசரியா அதப் பாக்கல. 1945 ஜனவரி 1, வருஷப் பொறப்பு அன்னிக்கு டோர்னக்கல்லயே செத்துப் போனாரு. அதே மாசம் ஆங்கிலிக்கன் பேரவை திட்டத்துக்கு ஒப்புதல் குடுத்துச்சு, சில நாள் வித்தியாசம்! 1947 செப்டம்பர் 27, சுதந்திரம் வந்து ஆறு வாரம், மெட்ராஸ் செயின்ட் ஜார்ஜ் கதீட்ரல்ல சி.எஸ்.ஐ. பொறந்துச்சு. ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், ஐக்கிய சபை எல்லாம் ஒண்ணு. பிஷப் வச்ச சபையும் பிஷப் வேணாம்னு பிரிஞ்ச சபையும் அப்படி சேந்தது அதுக்கு முன்னாடி உலகத்துல எங்கயும் இல்ல. 1950ல கோயமுத்தூர் மறைமாவட்டம் வந்துச்சு, முதல் பிஷப் ஏ.ஜே.அப்பாசாமி, அவரும் திருநெல்வேலிக்காரர்தான், பக்தி இலக்கியத்துல ஊறுனவரு. சேலம், தர்மபுரிப் பக்கமெல்லாம் அந்த மறைமாவட்டத்துல சேந்தது. அதுலேருந்துதான் உங்க தாத்தா சபைக்கு மேளம்.

மேளம் அடிக்கறதுக்கு முன்னாடி அந்த "கட்டுப்பட்ட பிஷப்"ங்கற வார்த்தைய மட்டும் உங்க சபை கமிட்டில ஒருதடவ சத்தமா படிச்சுக் காட்டுங்க. நான் சொன்னேன்னு சொல்லாதீங்க.

பென்னாகரம் வாசகர்: காந்தியோட அசரியாவுக்கு சண்டைன்னு சொல்றாங்களே, அப்ப அவரு வெள்ளைக்காரன் ஆளா?

இது அவசரத் தீர்ப்புங்க. 1930கள்ல ஒடுக்கப்பட்ட ஜனங்க கூட்டங்கூட்டமா மதம் மாறுனது காந்திக்குப் புடிக்கல, அது உள்ளத்துலேருந்து வர்ற மாற்றம் இல்லைன்னாரு, ரெண்டு பேருக்கும் கடுமையான கருத்து வேறுபாடு, அது உண்மை. அசரியாவோட வாதம் என்னன்னா, அந்த ஏழைக்கு சொந்தமா ஒரு முடிவு எடுக்கற அறிவு கெடையாதுன்னு நீங்களா ஏன் முடிவு பண்றீங்க. நான் காந்திய மதிக்கறவன், ஆனா இந்த எடத்துல அசரியா கேட்டதுல நியாயம் இருக்குன்னுதான் எனக்குப் படுது. நீங்க ஒத்துக்கலைன்னா எழுதுங்க, போடறேன்.

அவரு வெள்ளைக்காரன் ஆளான்னு பாக்க வேற ஒரு எடம் இருக்கு. 1932ல பிரிட்டிஷ் அரசாங்கம் கிறிஸ்தவங்களுக்கும், அவங்க மட்டுமே ஓட்டுப் போடற தனித்தொகுதி குடுத்துச்சு. கிறிஸ்தவத் தலைவருக்கு அது அல்வா இல்லையா, ஆனா அசரியா எதுத்தாரு, எங்களத் தனி டப்பாவுல போட்டு மூடாதீங்க, நாங்க எல்லாரோடயும் இருக்கணும்னு. வெள்ளைக்காரன் ஆளு இப்படியா பேசுவான்?

ஊத்தங்கரை வாசகர்: கால்டுவெல்லும் பிஷப்தானே, அவர விட்டுட்டீங்களே?

அவரப் பத்தி எல்லா பாடப்புத்தகத்துலயும் இருக்கு, அதான் விட்டேன். 1814ல அயர்லாந்துல பொறந்து, 1838ல மெட்ராஸ் வந்து எறங்குனப்ப அவரும் எல்.எம்.எஸ்.தாங்க, 1841லதான் ஆங்கிலிக்கன் பக்கம் தாவுனாரு. இடையன்குடில நாப்பது வருஷத்துக்கு மேல. 1856ல திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம், 1877ல துணை பிஷப், 1891ல கொடைக்கானல்ல மரணம், 1968ல மெரினால செலை. தமிழுக்கு அவரு செஞ்சது பெருசு, மறுக்கல. ஆனா அதே ஆளு 1849ல நாடார் சமூகத்தப் பத்தி மட்டமா ஒரு புத்தகம் எழுதி, அவங்க கொதிச்சுப் போய் எதுத்தாங்க. அதே சமூகத்துலேருந்து ஒருத்தர் 1912ல பிஷப் நாற்காலில உக்காந்தாரு, அதுவும் கால்டுவெல் மாதிரி துணை பிஷப்பா இல்ல, தனி மறைமாவட்டத்தோட. கால்டுவெல் செத்து இருபத்தோரு வருஷம்தான் ஆயிருந்துச்சு.

மத்தூர் வாசகி: ஆயர், பேராயர், பிஷப், அத்தியட்சர்... தலை சுத்துது. எது சரி?

எல்லாம் சரி, எல்லாம் குழப்பம். கத்தோலிக்கத்துல பிஷப்புன்னா ஆயர், ஆர்ச் பிஷப்புன்னா பேராயர். தர்மபுரில 1997லேருந்து இருக்கறது கத்தோலிக்க மறைமாவட்டம், அதனால அவரு ஆயர். சி.எஸ்.ஐ.ல பிஷப்பையே பேராயர்ம்பாங்க, அவங்களுக்கெல்லாம் மேல மாடரேட்டர், பிரதமப் பேராயர். திருநெல்வேலில பழைய ஆளுங்க அத்தியட்சர்ம்பாங்க. இதுல எனக்குப் புடிச்சது பழைய தமிழ் பைபிள்ல பவுல் கடிதத்துல வர்ற வார்த்தை: கண்காணி! ஆமாங்க, மூலத்துல இருக்கற கிரேக்க வார்த்தைக்கும் மேற்பார்வை பாக்கறவன்னுதான் அர்த்தம். நம்ம சேலம் ஜில்லாவுலேருந்து சிலோன் தேயிலைத் தோட்டத்துக்கு ஆள் புடிச்சுக் கூட்டிட்டுப் போனவனுக்கும் அதே பேரு. சில பிஷப்புங்க எந்தக் கண்காணி மாதிரி நடந்துக்கறாங்கன்னு நான் எழுத மாட்டேன்.

அஞ்செட்டி வாசகர்: பிஷப் கையில கொக்கி வச்ச கோல் எதுக்கு?

ஆடு மேய்க்கற கோல் அது, பிஷப் மேய்ப்பன்னு அர்த்தம். உங்க ஊர்ல ஆட்டுக்காரங்க கையில இருக்கே தொரட்டி, கிட்டத்தட்ட அதே. என்ன, உங்க ஆளு தொரட்டிய வச்சு கெளைய வளைச்சு ஆட்டுக்குத் தழை போடுவாரு, அவங்க கோல்ல வெள்ளிப்பூண் போட்டிருப்பாங்க.

காரிமங்கலம் வாசகர்: டோர்னக்கல் போய்ப் பாக்க முடியுமா? நீங்க போயிருக்கீங்களா?

முடியும், நானும் போயிருக்கேன், ரிட்டயர் ஆன புதுசுல. சென்னை போய் அங்கேருந்து விஜயவாடா, வாரங்கல் பக்கம் போற ரயில்ல போகணும், விஜயவாடாவுக்கும் காஜிபேட்டைக்கும் நடுவுல டோர்னக்கல் ஜங்ஷன். எல்லா எக்ஸ்பிரஸும் நிக்காது, பாத்து டிக்கெட் எடுங்க, இப்ப தெலங்கானா மகபூபாபாத் மாவட்டம். நான் போனது மே மாசம், புத்தி கெட்டுப் போய். வெயிலு வேலூர தூக்கிச் சாப்பிடுது.

அசரியா பல வருஷம் பாடுபட்டு கட்டுன கதீட்ரல், 1939 ஜனவரி 6ல பிரதிஷ்டை பண்ணது, அப்படியே நிக்குது. கூரா கோபுரம் வச்ச இங்கிலீஷ் சர்ச்ச எதிர்பாத்துப் போனா ஏமாந்துடுவீங்க. தூணெல்லாம் நம்ம கோயில் மண்டபத் தூண் மாதிரி, மேல குமிழ் மாடம் மசூதி மாதிரி, மினாரும் இருக்கு. இங்கிலாந்துலேருந்து கடன் வாங்குன மாதிரி ஒண்ணுமே தெரியல. உள்ள போனதும் குளுகுளுன்னு இருந்துச்சு, ஒரு மணி நேரம் தரையில உக்காந்துட்டேன், பக்தின்னு சொல்ல முடியாது, பாதி வெயிலுக்குத்தான்.

பெருக்கிக்கிட்டிருந்த பெரியவரு எந்த ஊருன்னு கேட்டாரு. எனக்குத் தெரிஞ்ச ஓசூர் தெலுங்குல தர்மபுரின்னேன். ஓ, கோதாவரிக்கரை தர்மபுரியா, நரசிம்மசாமி கோயில் இருக்கே, அதுவான்னாரு. தெலங்கானாவுலயும் ஒரு தர்மபுரி இருக்குங்க, எனக்கு அப்பதான் ஞாபகம் வந்துச்சு. இல்லைங்க, இது தமிழ்நாட்டு தர்மபுரின்னேன். அவரு தொடப்பத்த செவுத்துல சாத்தி வச்சுட்டு, "அப்படியா, அசரியா அய்யகாரு ஊரா"ன்னாரு. வெள்ளாளன்விளைக்கும் தர்மபுரிக்கும் நடுவுல எத்தன ஜில்லா இருக்குன்னு அவருக்கு எப்படி வெளக்கறது, ஆமாங்கன்னு தலையாட்டிட்டு அவரு குடுத்த மோர வாங்கிக் குடிச்சேன்.